அட்டை இல்லாத குத்துச்சண்டைப் புத்தகங்கள்

விருதுநகர்
4-11-1957

அன்புள்ள கோட்டைச்சாமிக்கு,

பன்னிரண்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்திருப்பாய். சுளித்துவிட்டு மேலே படி. ஜபல்பூர் முகாமில் உன் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் கிடந்த பொன்ராஜ்தான் எழுதுகிறேன். இப்போது இங்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருக்கிறேன். கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். வயிறு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது.

நீ நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பேப்பர் குடோனில் மேஸ்திரியாக இருப்பதாக உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் மைதானத்தில் பிள்ளைகள் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி மருந்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கையைச் சுட்டுக்கொள்வார்களே என்று விரட்டிவிட்டு, கீழே கிடந்த ஒரு குழாயைப் பிரித்தேன். உள்ளே ஆங்கில எழுத்தில் ஒரு பக்கம். இரண்டு கால்களின் படம், எந்தக் காலை முன்னால் வைத்து எந்தக் காலைப் பின்னால் இழுப்பது என்று அம்புக்குறி போட்டு. குத்துச்சண்டைப் புத்தகம், கோட்டைச்சாமி. நம் சீமையில் யாருக்கும் கிடைக்காத புத்தகத்தைச் சுருட்டி வெடியாக்கி விற்கிறீர்கள்.

நான் ஆறு வருடமாகக் குத்துச்சண்டைப் புத்தகங்கள் சேர்க்கிறேன். மதுரை, மதராஸ் பழைய புத்தகக் கடைகளிலும், ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் ஏலத்திலுமாகப் பதினொன்று சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு புத்தகம் எழுதப்போகிறேன். மதராஸில் ஒரு பாடப்புத்தகக் கம்பெனிக்காரர் அச்சுப் போட ஒத்துக்கொண்டிருக்கிறார். வெள்ளைக்காரன் கிளப்புகளை மூடிவிட்டுப் போனபோது நூலகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டான் என்று கேள்வி. அந்த லோடுகள் உங்கள் குடோனுக்குத்தானே வருகின்றன? கண்ணில் படுகிற குத்துச்சண்டைப் புத்தகத்தை எடுத்து வை. கம்பெனிக்குச் சேர வேண்டியதைச் செலுத்திவிடுகிறேன்.

பழையதெல்லாம் மறந்து உதவுவாய் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
பொன்ராஜ்


நாரணாபுரம்
25-11-1957

பொன்ராஜ் சார் அவர்களுக்கு,

கம்பெனி முகவரிக்கு எழுதியதால் கிளார்க் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கடிதத்தைத் தந்தார். இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதவும். கீழே கொடுத்திருக்கிறேன்.

நீ, உனக்கு, படி, எடுத்து வை என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். முகாமில் அப்படிப் பேசிக்கொண்டது உண்டு. அன்றைக்கு இரண்டு பேரும் சிப்பாய். இப்போது அப்படி வேண்டாம்.

நீங்கள் கேட்ட விஷயம். லோடு வருவது நிஜம். கொச்சியிலிருந்து வரும், பெங்களூரிலிருந்து வரும், நீலகிரியிலிருந்தும் வரும். வந்து இறங்கியதும் முதல் வேலை அட்டையைக் கிழிப்பது. அட்டை வேறு உபயோகத்துக்குப் போய்விடும். உள்தாளை மட்டும் அளவாக வெட்டி, குழாய் உருட்டும் வீடுகளுக்கு அனுப்புகிறோம். ஆகவே உங்களுக்கு அட்டையோடு ஒரு புத்தகமும் கிடைக்காது. புத்தகத்தின் பெயரும் பெரும்பாலும் அட்டையோடு போய்விடும். சம்மதமா?

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தாள் பிரிக்கிற பெண்களுக்கும் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் எடுக்க முடியும். முதலாளியிடம் கேட்டேன். நாலு புத்தகம் போவதால் தீபாவளி நின்றுவிடாது, எடுத்துக்கொள் என்றார். அதனால் பணம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

ஆனால் எனக்கு ஒன்று வேண்டும். நான் அனுப்புகிற ஒவ்வொரு புத்தகத்திலும், மணி அடித்த பிறகு எதிராளியை அடிப்பதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அதைத் தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

பழையதை மறந்து என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மறப்பது சுலபம். எனக்கு இடது காது கேட்காது. அதனால் தினமும் ஞாபகம் வந்துவிடுகிறது.

கோட்டைச்சாமி


விருதுநகர்
15-1-1958

அன்புள்ள கோட்டைச்சாமி அவர்களுக்கு,

நீ என்று எழுதியது தப்பு. மன்னிக்கவும்.

லாரி டிரைவர் சங்கிலிமுத்து மூட்டையைத் தெப்பக்குளத்துக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் போட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப் போய்த் தூக்கி வந்தேன். ஒன்பது புத்தகங்கள். இரண்டு குத்துச்சண்டை. மீதி ஏழையும் சொல்கிறேன், நீங்களும் சிரிக்கலாம். தேனீ வளர்ப்பது எப்படி. ரோஜாச் செடி நறுக்குவது எப்படி. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்பது எப்படி. ரண சிகிச்சை டாக்டர்களுக்கான புத்தகம் ஒன்று, அதை என் மனைவி இன்பம் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. கத்திச் சண்டை. இரும்பு உருக்கும் பட்டறை. கடைசியாக, குளிர் நாட்டுச் சீமாட்டிகள் கையுறை பின்னும் புத்தகம். கையில் உறை மாட்டிய மனிதர் படம் எதில் இருந்தாலும் எடுத்து வைத்திருக்கிறார்கள். பின்னல் புத்தகத்தை இன்பம் எடுத்துக்கொண்டாள். விருதுநகர் வெயிலில் யாருக்குக் கையுறை பின்னப் போகிறாளோ.

குத்துச்சண்டைப் புத்தகம் இரண்டும் தங்கம். ஒன்று கால்வைப்பு பற்றியது. ஒருவேளை அன்று வெடிக்குழாயில் பார்த்த அதே புத்தகமாகக்கூட இருக்கலாம். மற்றது பட்டாளத்துப் பயிற்சிக்காக எழுதியது. பெயர் இல்லாததால் நானே ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்டு, காக்கித்துணியில் அட்டை தைத்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று.

நீங்கள் கேட்டது. பன்னிரண்டாம் நம்பரில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பதின்மூன்றில் இருக்கிறது. மணி அடித்த பிறகு அடிப்பது தப்பு அடி, நடுவர் அவனைத் தோற்றவனாக அறிவிக்கலாம் என்கிறது. அதோடு, கூச்சலில் மணி கேட்கவில்லை என்று நடுவர் திருப்தி அடைந்தால் எச்சரிக்கையோடு விடலாம் என்றும் இருக்கிறது. அன்று அப்படித்தான் நடந்தது. எனக்கு மணி கேட்கவில்லை. அதை அங்கேயே சொன்னேன். நடுவரும் ஒத்துக்கொண்டார்.

அன்புடன்,
பொன்ராஜ்


நாரணாபுரம்
6-2-1958

பொன்ராஜ் சார் அவர்களுக்கு,

புத்தகம் சொல்வதை எழுதச் சொன்னேன். நீங்கள் சொல்வதை நான் கேட்கவில்லை. அதைப் பன்னிரண்டு வருடம் முன்பே கேட்டுவிட்டேன்.

தாள் பிரிப்பவர்களில் ராக்காயி என்று ஒரு அம்மாள் இருக்கிறார். உங்கள் தேனீ விஷயத்தைச் சொன்னேன். "எல்லாப் பயலும் உறையை மாட்டிக்கிட்டுத்தான நிக்கான். எவன் குத்துதான், எவன் தேன் எடுக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். இனிமேல் உறை போட்டு, சட்டை போடாமல், கோபமாக இருப்பவனை மட்டும் எடுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.

கிளார்க் நமக்குள் என்ன சங்கதி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். தெரிந்த விஷயம்தான் என்றாலும் என் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டதில்லை.

அன்று நம் பட்டாளத்தின் குத்துச்சண்டை இறுதிப் போட்டி. ஜெயிக்கிறவனை உடற்பயிற்சிக் கோர்ஸுக்கு அனுப்புவதாக மேஜர் சொல்லியிருந்தார். கோர்ஸ் முடித்தவனுக்கு வெளியே வந்தால் பள்ளிக்கூடத்து வேலை நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் ரவுண்டு எனக்கு. இரண்டாவதும் எனக்குத்தான். அது முடிந்து மணி அடித்தது. கையை இறக்கினேன். என் மூலைக்குத் திரும்பினேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தால் ஆஸ்பத்திரி. காது கேட்காதவனுக்குப் பட்டாளத்தில் வேலை இல்லை என்று மூன்று மாதத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் எழுந்திருக்காததால் ஜெயித்தது நீங்கள் என்றாகிவிட்டது. கோப்பையோடு நீங்கள் கோர்ஸுக்குப் போனீர்கள்.

என் அண்ணன் கண்ணுச்சாமியும் நம் பட்டாளத்தில் இருந்தது உங்களுக்குத் தெரியும். அவர் எனக்கு முன்னால் லீவில் வந்து ஊர் முழுக்க வேறு கதை சொல்லிவிட்டார். மணி அடிக்கும் முன்பே நான் பயந்து முதுகைக் காட்டினேனாம். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதுவானாலும் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் கதையைச் சொல்வார். என் பிள்ளைகள் எதிரிலும் சொல்லியிருக்கிறார். காது போனது ஒன்றும் பெரிதில்லை. இந்தப் பேச்சுத்தான் தாங்க முடியவில்லை.

இத்துடன் நாலு புத்தகம். எல்லாரும் கோபமாகத்தான் இருக்கிறார்கள்.

கோட்டைச்சாமி


விருதுநகர்
20-8-1959

அன்புள்ள கோட்டைச்சாமி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய கடைசி மூட்டையோடு நாற்பத்தேழு ஆகிவிட்டது. மதராஸில்கூட ஒரு தனி ஆளிடம் இத்தனை குத்துச்சண்டைப் புத்தகங்கள் இருக்குமா என்பது சந்தேகம். போன வாரம் வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். கூட வந்த தலைமையாசிரியர், இவர் பட்டாளத்துச் சாம்பியன் என்று சொல்லி, அலமாரி மேல் இருக்கும் கோப்பையை எடுத்துக் காட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் புத்தகங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இடம்தான் இல்லை. அரிசிப் பானை வைக்கிற பலகையையும் எடுத்துக்கொண்டேன். "இன்னும் எம்புட்டுத்தான் வரும்னு சொல்லிருங்க. நானும் பிள்ளைகளும் எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா இன்னொரு நூறு அடுக்கலாம்" என்று இன்பம் சொல்கிறாள். சொல்கிறாளே தவிர, காக்கித்துணி அட்டை தைப்பது அவள்தான்.

உங்கள் கேள்விக்கான பதில். முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தேழு வரை பார்த்துவிட்டேன். ஆறு புத்தகங்களில் தப்பு அடி என்று இருக்கிறது. நாற்பத்தொன்றில் மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். மணி கேட்டதும் கையை இறக்குகிறவன் எதிராளியை நம்பித்தான் இறக்குகிறான், அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இது விளையாட்டே இல்லை என்கிறது. வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

தமிழ்ப் புத்தகம் நடந்துகொண்டிருக்கிறது. கால்வைப்பு, கைவீச்சு, தடுப்பு, மூச்சு என்று ஆறு அத்தியாயம் முடிந்துவிட்டது. விதிமுறை அத்தியாயம் மட்டும் பாக்கி. மதராஸ்காரர் இரண்டு முறை ஞாபகப்படுத்திவிட்டார். இரண்டு பக்கம்தான். ஏனோ உட்கார்ந்தால் ஓட மாட்டேன் என்கிறது.

அன்புடன்,
பொன்ராஜ்


நாரணாபுரம்
11-2-1960

பொன்ராஜ் சார் அவர்களுக்கு,

இதை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கவும்.

சென்ற வாரம் நீலகிரி லோடு வந்தது. நான் மாமியார் இறந்த துஷ்டிக்காக ஆனைக்குட்டம் போயிருந்தேன். திரும்புவதற்குள் பாதி லோடு பிரித்து, வெட்டி, வீடுகளுக்குப் போய்விட்டது. ராக்காயி அம்மாள் ஓடி வந்து, பட்டாளத்துப் படம் போட்ட பெரிய புத்தகம் ஒன்று வந்தது, அதில் சட்டை போடாத ஆட்கள் நிறைய இருந்தார்கள், தான் எடுத்து வைக்கும் முன்பே வெட்டுகிறவர்கள் இழுத்துக்கொண்டார்கள் என்றார்.

எந்தெந்த வீட்டுக்குப் போனது என்று விசாரித்துப் போனேன். மூன்று வீடுகளில் குழாய் உருட்டிக் காயப் போட்டிருந்தார்கள். ஒரு முறத்துக் குழாயையும் வாங்கி வந்து, வீட்டில் வெந்நீரில் ஊறப் போட்டுப் பிரித்தோம். நானும் என் மனைவி சோலையம்மாளும் பிள்ளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலை. ஊறினால் பசை விட்டுவிடும், தாள் கிழியாமல் எடுப்பதுதான் கஷ்டம். நூறு குழாய்க்கு மேல் பிரித்தபோது இந்தப் படம் வந்தது.

பாருங்கள். ஒருவன் கையை இறக்கிவிட்டுத் தன் மூலைக்குத் திரும்பிவிட்டான். இன்னொருவன் பக்கவாட்டிலிருந்து அவன் காதில் அடிக்கிறான். நடுவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் பசையில் அழிந்துவிட்டது. முகம் எதற்கு? அது நானும் நீங்களும்.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏலே, மூஞ்சியே இல்லாத படத்துல நீ எங்கன இருக்க? கீழ எழுதியிருக்கதப் படிச்சுக் காட்டு, ஒத்துக்கிடுதேன்" என்றார். கீழே இரண்டு வரி இங்கிலீஷ் இருக்கிறது. பாதி அழிந்து பாதி தெரிகிறது.

படித்துச் சொல்ல இங்கே ஆள் இல்லாமல் இல்லை. கிளார்க் படிப்பார், சிவகாசி போனால் அச்சாபீஸில் பத்துப் பேர் படிப்பார்கள். நீங்களே படிக்க வேண்டும் என்றுதான் அனுப்புகிறேன். என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுதி, படத்தையும் திருப்பி அனுப்பவும்.

கோட்டைச்சாமி


நாரணாபுரம்
18-4-1960

பொன்ராஜ் சார் அவர்களுக்கு,

இரண்டு மாதம் ஆகிவிட்டது. படம் வந்து சேர்ந்ததற்கு உங்கள் கையெழுத்தோடு சீட்டு எனக்கு வந்துவிட்டது. ஆகவே வரவில்லை என்று சொல்ல முடியாது.

நடுவில் சங்கிலிமுத்து மூலம் மூன்று புத்தகம் அனுப்பினேன். வாங்கிக்கொண்டீர்களாம். அவரிடம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

கிழித்துப் போட்டிருந்தால் கிழித்துவிட்டேன் என்றாவது எழுதுங்கள். நான் வேறு எதையும் கேட்கப் போவதில்லை.

கோட்டைச்சாமி


விருதுநகர்
2-5-1960

அன்புள்ள கோட்டைச்சாமி அவர்களுக்கு,

படத்தைக் கிழிக்கவில்லை. இதனுடன் இருக்கிறது.

கீழே எழுதியிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். தெரிகிற எழுத்து இதுதான்: 'செகந்திராபாத், 1931, இறுதிப் போட்டியில் ஒரு தப்பு அடி.' அதற்குப் பிறகு இரண்டு பெயர்கள். ஒன்று பாதி அழிந்துவிட்டது, மற்றது ஒரு பஞ்சாபிப் பெயர். அந்த வருடம் நீங்களும் நானும் கால்சட்டைகூடப் போடாத பிள்ளைகள். இந்தப் படம் நாம் இல்லை. கண்ணுச்சாமி அண்ணனிடம் காட்ட இது சாட்சி ஆகாது. நான் சொல்வதில் நம்பிக்கை இல்லாவிட்டால் சிவகாசி அச்சாபீஸில் காட்டிப் பாருங்கள்.

இதோடு நிறுத்தி ஒரு கடிதம் மார்ச் மாதமே எழுதிவிட்டேன். உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் கொண்டு போனேன். அதில் பொய் ஒரு வார்த்தை இல்லை. போட்டிருந்தால் உங்கள் வாயும் அடைத்திருக்கும், என் காரியமும் முடிந்திருக்கும். போட முடியவில்லை. திரும்பி வந்து அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இன்பம் என்ன என்று கேட்டாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் சொன்னது ஒன்றுதான்: "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவுககிட்ட சொல்லுங்க." அதற்குப் பிறகும் ஒரு மாதம் கடத்திவிட்டேன்.

கோட்டைச்சாமி, அன்று மணி எனக்குக் கேட்டது.

நன்றாகக் கேட்டது. தண்டவாளத் துண்டில் சுத்தியலால் அடித்த சத்தம் கேட்காமல் இருக்குமா? மணிச் சத்தம் அடங்கிய பிறகுதான் நீங்கள் கையை இறக்கினீர்கள். அவசரப்படவில்லை. என்னைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினீர்கள், நல்ல ரவுண்டு என்று சொல்வது போல. பிறகுதான் திரும்பினீர்கள். இரண்டு ரவுண்டும் போய்விட்டது, மூன்றாவதில் உங்களை ஒன்றும் செய்ய முடியாது, கோர்ஸ் போய்விட்டது, ஊருக்குத் திரும்பி மறுபடி தகப்பனார் வீட்டுச் சாப்பாடுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நடுவர் மேஜர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தேன். கை தானாகப் போனது என்று சொல்ல ஆசைதான். தானாகப் போகவில்லை. மணி அடித்தபோதே கூட்டம் நாலு பக்கமும் எழுந்து நின்று கத்தியது. கடைசி வரிசையில் நின்ற உங்கள் அண்ணனுக்கு மணி கேட்டிருக்காது. நீங்கள் திரும்பியது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பொய் சொன்னது நான்.

புத்தகம் சேர்த்த கதையும் இதுதான். பிள்ளைகளுக்காக, தமிழுக்காக என்று எழுதினேனே, அதுவும் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு புத்தகம் வந்ததும் நான் முதலில் புரட்டியது நீங்கள் கேட்ட பக்கத்தைத்தான். நீங்கள் கேட்பதற்கு முன்பே, முதல் பதினொன்றிலும் அதைத்தான் தேடியிருக்கிறேன். கோபத்தில், அவசரத்தில், சூட்டோடு சூடாக ஒருவன் அப்படி அடித்துவிட்டால் பாதகமில்லை என்று எவனாவது ஒரு வரி எழுதியிருக்க மாட்டானா என்று பார்த்தேன். இப்போது அறுபத்து மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. ஒருவனும் எழுதவில்லை.

நீங்கள் எங்கே வரச் சொன்னாலும் வந்து, யார் எதிரில் வேண்டுமானாலும் இதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் ஜூனில் திறந்ததும் தலைமையாசிரியரிடமும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். வேலை போனால் போகட்டும். உங்களுக்கு வந்திருக்க வேண்டிய வேலை அது.

காதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது.

பொன்ராஜ்


நாரணாபுரம்
9-5-1960

பொன்ராஜ் சார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படம் நாம் இல்லை என்ற இடம் வந்ததும் மடித்து வைத்துவிட்டேன். நூறு குழாய் பிரித்த கை வலிதான் மிச்சம் என்று நினைத்தேன். சோலையம்மாள்தான், "தாள் இன்னும் ரெண்டு இருக்குல்லா, அதையும் வாசிங்க" என்றாள். வாசித்தேன். முடித்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டரை வருடமாக உங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தேனே, அது உங்களை மாட்ட வைக்க என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் எனக்கே தெரியாமல்தான் கேட்டேன். மணி அடித்தது, கையை இறக்கினேன் என்று உங்களுக்கு எழுதினேன். அடித்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. மணி கட்டியிருந்தது இடது பக்கம். கேட்டிருந்தால் அந்தக் காதுதான் கேட்டிருக்க வேண்டும், அந்தக் காதே போய்விட்டது. சாட்சி செத்துப்போன கேஸ் மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் பந்திக்குப் பந்தி சொல்லச் சொல்ல, ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ, நான் நிஜமாகவே பயந்துதான் திரும்பினேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. சோலையம்மாளிடம்கூட இதைச் சொன்னதில்லை. பதினைந்து வருடம் என்னை நானே கோழை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். நான் தலையை ஆட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு ஞாபகமே இல்லை. அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

அண்ணனை வரச் சொல்லி வாசித்துக் காட்டினேன். கடிதத்தைக் கையில் வாங்கி, கையெழுத்துப் போட்ட இடத்தைப் பார்த்தார். காப்பி குடித்தார், போய்விட்டார். நேற்று மறுபடி வந்தார். வழக்கமாக எந்தப் பக்கம் உட்கார்கிறோம் என்று பார்க்காமல் உட்கார்ந்து பேசுகிறவர், நேற்று என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தார். மழையைப் பற்றித்தான் பேசினார்.

நீங்கள் இங்கே வர வேண்டாம். தலைமையாசிரியரிடமும் சொல்ல வேண்டாம். நீங்கள் வேலையை விட்டால் அதை எனக்கா தரப்போகிறார்கள்? உங்கள் பெண் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அந்தக் கோப்பையை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். விதிமுறை அத்தியாயத்தை எழுதி முடியுங்கள். அதில் நம் பெயர் போட வேண்டியதில்லை. நாற்பத்தொன்றாம் நம்பரில் இருக்கிற அந்தப் பக்கத்தை அப்படியே போடுங்கள்.

உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. என் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. அதுதான் பெரிது.

பெங்களூர் லோடு நேற்று இறங்கியிருக்கிறது. ராக்காயி அம்மாள் ஏற்கெனவே இரண்டு எடுத்து வைத்திருக்கிறார். இனிமேல் கேள்வி எதுவும் இல்லை, அதனால் பதில் எழுத வேண்டியதில்லை. வருகிறதை எல்லாம் வாங்கி அடுக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில், மணி கேட்டது என்று எழுதிய இரண்டாவது தாளை மட்டும் தனியாக எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். குத்துச்சண்டையைப் பற்றி என் வீட்டில் அந்த ஒரு தாள் இருந்தால் போதும்.

கோட்டைச்சாமி